சொன்ன தூரமும் சென்ற தூரமும்

புதிதாக ஊர்தி வாங்கியவரைக் கண்டதும் நம்மவர் கேட்கும் முதற்கேள்வி, "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது?" என்பதாகும். மின்சாரக் கார்கள் சாலைக்கு வந்தபின் அக்கேள்வி சற்றே உருமாறியிருக்கிறது. "ஒருமுறை சார்ஜ் செய்தால் எவ்வளவு தூரம் போகும்?" என்று கேட்கின்றனர். கேள்வி எளியது, விடைதான் எளிதாக இல்லை. விற்பவர் ஒரு தூரம் சொல்கிறார். வாங்கி ஓட்டியவர் வேறொரு தூரம் சொல்கிறார். வண்டியின் முகப்புத் திரையோ மூன்றாவதாக ஒரு தூரத்தைக் காட்டுகிறது. இம்மூன்றனுள் எதை நம்பி ஒருவர் பயணம் புறப்படுவது?

இவ்வையம் எனக்குத் தோன்றியதற்குக் காரணமான நிகழ்ச்சி ஒன்றுண்டு. எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டும் இளைஞர் ஒருவர் கடன் பெற்று மின்சாரக் கார் வாங்கினார். ஒருமுறை மின்னேற்றினால் 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்பது அவருக்குச் சொல்லப்பட்ட கணக்கு. மே மாதத்து நண்பகலில், கண் சிகிச்சைக்காக ஒரு முதியவரைத் திருச்சியிலிருந்து மதுரைக்கு அழைத்துச் சென்றார். போக வர ஏறத்தாழ 270 கிலோமீட்டர். ஆகவே இடையில் மின்னேற்ற வேண்டியிராது என்று நம்பினார். திரும்பும் வழியில் துவரங்குறிச்சி அருகே வண்டி நின்றுவிட்டது. கண்ணில் கட்டுடன் அம்முதியவர் சாலையோரத்துக் கல்லின்மேல் இரண்டு மணிநேரம் அமர்ந்திருந்தார். அன்றைய கூலி போயிற்று. இழுவை வண்டிக்குப் பணம் போயிற்று. அவையனைத்தினும் மேலாக, அம்முதியவரின் குடும்பத்தார் அவ்விளைஞர்பால் வைத்திருந்த நம்பிக்கை போயிற்று. அவர் என்னிடம் கேட்டது ஒன்றே: "அவர்கள் சொன்னது பொய்யா, ஐயா?"

பொய் என்று சொல்ல என்னால் இயலவில்லை. மெய் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அதற்கான காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு காரும் மூன்று கணக்கும்

2010ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பான் நாட்டின் நிசான் நிறுவனம் 'லீஃப்' என்னும் மின்சாரக் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உலகெங்கும் பெருந்தொகையாக விற்பனையான முதல் மின்சாரக் கார்களுள் அதுவும் ஒன்று. பேட்டரி எனப்படும் அதன் மின்கல அடுக்கு 24 யூனிட் மின்சாரம் கொள்ளும். நம் வீட்டு மின்கட்டண அட்டையில் குறிக்கப்படும் அதே யூனிட்டே இது.

அந்தக் கார் ஒருமுறை மின்னேற்றத்தில் எவ்வளவு தூரம் செல்லும்? ஜப்பானியச் சோதனை முறை 200 கிலோமீட்டர் என்றது. ஐரோப்பியச் சோதனை முறை 175 கிலோமீட்டர் என்றது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 73 மைல், அதாவது 117 கிலோமீட்டர் என்றது. காரும் ஒன்றே, மின்கலமும் ஒன்றே. மூன்று நாட்டு அரசுகளும் தத்தம் முத்திரையுடன் ஒப்புக்கொண்ட கணக்குகளே இவை. எனினும், மிகுதியான கணக்கு குறைவான கணக்கினும் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு பெரிதாக இருந்தது.

இவ்வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது? ஊர்தியைச் சாலையில் ஓட்டி இத்தூரத்தை அளப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின்மேல் நிறுத்திச் சக்கரங்களைச் சுழலவிட்டு, வகுத்து வைத்த ஒரு வேக அட்டவணையின்படி ஓட்டி அளக்கின்றனர். அட்டவணை மாறினால் விடையும் மாறும். ஐரோப்பாவின் பழைய அட்டவணையில் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 34 கிலோமீட்டர் மட்டுமே. குளிர்சாதனமும் வெப்பமூட்டியும் இயக்கப்படுவதில்லை. அமெரிக்க முகமையோ, ஆய்வுக்கூடத்தில் கிடைத்த தூரத்தைப் பொதுவாக 0.7 என்னும் எண்ணால் பெருக்கிக் குறைத்த பின்னரே மக்களுக்கு அறிவிக்கிறது. வெயிலும் குளிரும் வேகமும் சேர்ந்து தின்னும் பங்கை அது முன்கூட்டியே கழித்துவிடுகிறது.

ஐரோப்பியர் தம் பழைய முறையின் குறையை உணர்ந்து, 2017ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் கடுமையான புதிய முறைக்கு மாறத் தொடங்கினர். நம் நாட்டுச் சான்றிதழ்களுக்கு நெடுநாள் அடிப்படையாக இருந்துவரும் ஓட்ட அட்டவணையோ, அப்பழைய ஐரோப்பிய முறையைத் தழுவி அமைக்கப்பட்டதாகும். அதில் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்தான். நாற்கரச் சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் குளிர்சாதனத்துடன் செல்லும் ஒருவருக்கு அக்கணக்கு எங்ஙனம் பொருந்தும்? நம் வாடகைக் கார் இளைஞர் ஏமாந்த இடம் இதுவே.

தூரத்தைத் தின்னும் பகைகள்

மின்சாரக் காரின் தூரம் ஏன் இவ்வளவு எளிதில் சுருங்குகிறது என்பதை மாணவர் அறிதல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. எனவே 24 யூனிட் கொள்ளும் லீஃப் கார், மூன்று லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவான ஆற்றலையே சுமந்து செல்கிறது. அதைச் சுமப்பதற்கு ஏறத்தாழ 300 கிலோ எடையுள்ள மின்கல அடுக்கு வேண்டியிருக்கிறது. அத்துணைச் சிறிய முதலை வைத்துக்கொண்டு அது நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுவது மின்மோட்டாரின் சிக்கனத்தால்தான். பெட்ரோல் எஞ்சின் தன் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வீணடிக்கும்; மின்மோட்டாரோ பெரும்பகுதியைச் சக்கரத்திற்கே கொடுக்கும். ஆனால், முதல் சிறிதாக உள்ள வணிகனுக்குச் சிறு நட்டமும் பெரிதாகத் தோன்றுமன்றோ? மின்சாரக் காரின் நிலையும் அத்தகையதே.

முதற்பகை வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்வதைவிட 100 கிலோமீட்டரில் செல்லும்போது அவ்வெதிர்ப்பு ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்காகிறது. பெட்ரோல் கார் நகர நெரிசலில் எரிபொருளை மிகுதியாகக் குடிக்கும். நெடுஞ்சாலையில் சிக்கனமாக ஓடும். மின்சாரக் காருக்கு இது நேர்மாறு. நெரிசலில் தடையை அழுத்தும்போதெல்லாம் இழந்த ஆற்றலில் ஒரு பங்கை மின்கலத்திற்கே திருப்பியனுப்பும் ஏற்பாடு அதில் உண்டு. நெடுஞ்சாலையில் தடையை அழுத்தும் வாய்ப்புக் குறைவு. காற்றின் எதிர்ப்போ மிகுதி. ஆகவே, எந்தப் பயணத்திற்குத் தூரம் மிகவும் தேவையோ அந்தப் பயணத்திலேயே அது சுருங்கிவிடுகிறது.

இரண்டாம் பகை தட்பவெப்பம். கடுங்கோடையில் குளிர்சாதனம் மணிக்கு ஓரிரு யூனிட்டை உண்டுவிடும். குளிர்நாடுகளில் நிலைமை இன்னும் கடினம். பெட்ரோல் காரில் எஞ்சினின் வீண்வெப்பமே உள்ளிருப்போரைக் காக்கும். மின்சாரக் காரிலோ அவ்வெப்பத்தையும் மின்கலமே ஈன்றாக வேண்டும். அன்றியும், குளிரில் மின்கலத்துள் நிகழும் வேதிவினையே மந்தமாகிவிடுகிறது.

மூன்றாவது, மின்னேற்றத்தின் இயல்பு. விரைவு மின்னேற்று நிலையத்தில் 80 விழுக்காடு வரை விரைந்தேறும் மின்சாரம் அதற்குமேல் மெல்ல மெல்லவே ஏறும். ஆதலின், நெடும்பயணத்தில் பெரும்பாலோர் 80 விழுக்காட்டோடு புறப்பட்டுவிடுவர். அடியில் 10 விழுக்காட்டையாவது அச்சத்தின் பொருட்டு மீதம் வைப்பர். எஞ்சுவது 70 விழுக்காடே. இத்துடன், ஆண்டுகள் செல்லச் செல்ல மின்கலத்தின் கொள்ளளவும் சிறிது சிறிதாகக் குறையும். விளம்பரத்தில் உள்ள தூரம், நிறைந்த மின்கலத்தை முற்றும் வடியவிட்டு, புதிய வண்டியில் கண்ட தூரம் என்பதை நாம் மறத்தலாகாது.

பழைய வணிகர் சொன்ன கணக்கு

"இது புதிய தொழில்நுட்பம், தொடக்கத்தில் இத்தகைய குழப்பங்கள் இருக்கத்தான் செய்யும்" என்று சிலர் அமைதி கூறுவர். அது பொருந்தாது. மின்சாரக் கார் புதியதன்று. அமெரிக்காவில் 1907ஆம் ஆண்டு முதல் 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' என்னும் மின்சாரக் கார் விற்கப்பட்டது. அதன் வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர் அளவே. ஒரு சோதனையில் அவ்வகைக் கார் ஒன்று ஒரே மின்னேற்றத்தில் 211 மைல், அதாவது 340 கிலோமீட்டர் ஓடியதுண்டு. எனினும், அந்நிறுவனத்தார் விளம்பரத்தில் நம்பத்தக்க தூரமாகக் குறித்தது 80 மைல் மட்டுமே. ஏறத்தாழ 130 கிலோமீட்டர்! ஓட வல்லது வேறு, உறுதியாக ஓடுவது வேறு என்னும் வேறுபாட்டை நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு வணிக நிறுவனம் விளம்பரத்தில் போற்றியிருக்கிறது.

இக்காலத்தில் நாம் காண்பது பெரும்பாலும் சாதனைகளின் முழக்கம். 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் மெர்சிடிஸ் நிறுவனத்தின் 'ஈ.க்யூ.எக்ஸ்.எக்ஸ்.' என்னும் முன்மாதிரிக் கார், ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகருக்கு அருகிலிருந்து பிரான்சின் கடற்கரை ஊராகிய காசி வரை 1008 கிலோமீட்டரை ஒரே மின்னேற்றத்தில் கடந்தது. அதே ஆண்டு ஜூனில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் வரை 1202 கிலோமீட்டர் சென்றது. 2025ஆம் ஆண்டு ஜூலையில் 'லூசிட் ஏர்' கார் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸிலிருந்து ஜெர்மனியின் மியூனிக் வரை 1205 கிலோமீட்டர் ஓடிக் கின்னஸ் சாதனை படைத்தது.

இவை போற்றத்தக்க அருஞ்செயல்கள் என்பதில் ஐயமில்லை. முன்னையது நம் கடைகளில் கிடைக்கும் காரன்று. காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவும் குறைந்த எடையும் கொண்டதாகத் தனியே செதுக்கப்பட்ட முன்மாதிரி. பின்னையது விற்பனைக் காரே. ஆனால், அது புறப்பட்ட செயின்ட் மோரிட்ஸ் கடல்மட்டத்திற்கு மேல் 1800 மீட்டர் உயரத்தில் உள்ள மலையூர். சென்றடைந்த மியூனிக் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் உள்ளது. இறக்கத்தில் ஓடும் வண்டிக்கு மலையே ஒரு பங்கு ஆற்றலைக் கொடுத்துவிடும். சாதனையாளர் இதனை மறைக்கவில்லை. ஆயினும், செய்தியைப் படிப்பவர் மனத்தில் தங்குவது 1205 என்னும் எண் ஒன்றே. மலை அங்கே தங்குவதில்லை.

ஐயத்திற்கு நாம் கொடுக்கும் விலை

"சற்று மிகைப்படச் சொன்னால் என்ன? வாங்குபவர் தாமே கழித்துக்கொள்ளட்டும்" என்பாரும் உளர். அங்ஙனம் கழித்துக்கொள்வதால் விளையும் தீமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சொல்லப்பட்ட தூரத்தில் நம்பிக்கை இழந்தவர் என்ன செய்கிறார்? நாள்தோறும் 40, 50 கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுகின்றவரும், "எதற்கும் இருக்கட்டும்" என்று 500 கிலோமீட்டர் என எழுதிய காரைத் தேடுகிறார். அத்தூரத்தைப் பெறப் பெரிய மின்கலம் வேண்டும். பெரிய மின்கலத்தால் வண்டி கனக்கும். கனத்த வண்டியை இழுக்க மேலும் மின்சாரம் வேண்டும். இதன் உச்சநிலையை அமெரிக்காவின் 'ஹம்மர்' மின்வண்டியில் காணலாம். அதன் மின்கல அடுக்கு மட்டுமே 1300 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. நம்மூர்ச் சிறிய கார் ஒன்றின் முழு எடையினும் அது மிகுதி!

அக்கூடுதல் எடை முழுவதும் மண்ணைத் தோண்டி எடுத்த பொருள். லித்தியமும் நிக்கலும் செம்பும் எங்கோ ஒரு நாட்டின் நிலத்தையும் நீரையும் விலையாகக் கேட்கின்றன. உலகில் எடுக்கப்படும் கோபால்ட்டில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் காங்கோ மக்களாட்சிக் குடியரசிலிருந்து வருகிறது. அங்குள்ள சில சுரங்கங்களில் சிறுவரும் உழைப்பதை மனித உரிமை அமைப்புகள் பலமுறை எடுத்துக்காட்டியுள்ளன. கோபால்ட் வேண்டாத மின்கலங்களும் இன்று பெருகிவருகின்றன என்பது ஆறுதலே. ஆயினும், உண்மைத் தூரத்தை அறிந்தால் சிறிய மின்கலத்தோடு மனநிறைவடையக்கூடிய ஒருவர், ஐயத்தின் காரணமாகப் பெரியதை வாங்குவாராயின், அவ்வையத்தின் சுமையை அவர் மட்டுமா சுமக்கிறார்?

பிற நாட்டார் கண்ட வழி

இச்சிக்கலுக்குத் தீர்வில்லாமல் இல்லை. நார்வே கடுங்குளிர் நாடு; மின்சாரக் காருக்கு ஆகாத நிலம் என்று எவரும் கருதக்கூடிய நாடு. ஆனால், 2024ஆம் ஆண்டில் அங்கு விற்ற புதிய கார்களுள் 88.9 விழுக்காடு முழு மின்சாரக் கார்கள். அரசின் வரிச்சலுகைகளும், ஊர்தோறும் அமைந்த மின்னேற்று நிலையங்களும் இதற்குத் தலையாய காரணங்கள். அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொன்றும் உண்டு. அந்நாட்டு ஊர்தியோட்டிகள் சங்கம் 2020 முதல் பனிக்காலத்திலும் கோடையிலும் மின்சாரக் கார்களை மெய்யான சாலையில், மின்கலம் வற்றும் வரை ஓட்டி, கண்ட தூரத்தைப் பெயர் சொல்லி வெளியிட்டு வருகிறது. 2020ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் 20 கார்களை ஓட்டிப் பார்த்தபோது, அறிவிக்கப்பட்ட தூரத்தினும் சராசரியாக 18.5 விழுக்காடு குறைந்தது. சில கார்களில் 10 விழுக்காட்டிற்கும் கீழாகவும், சிலவற்றில் ஏறத்தாழ 30 விழுக்காடாகவும் அக்குறைவு இருந்தது. இக்குறைவைக் கேட்டு நார்வே மக்கள் மின்சாரக் காரை வெறுத்து ஒதுக்கினரா? இல்லை. எவ்வளவு குறையும் என்று அறிந்தவருக்கு அச்சம் குறைந்தது, திட்டமிடல் எளிதாயிற்று.

தென்கொரியா மற்றொரு வழியை மேற்கொண்டது. 2023ஆம் ஆண்டு சனவரியில், குளிர்காலத்தில் தூரம் குறையும் என்பதை வாங்குவோருக்குத் தக்கவாறு அறிவிக்கவில்லை என்று டெஸ்லா நிறுவனத்திற்கு அந்நாட்டு நேர்மை வணிக ஆணையம் 285 கோடி வோன் தண்டம் விதித்தது. தூரம் குறைந்ததை அன்று, அதனைச் சொல்லாமல் விட்டதையே ஆணையம் குற்றமாகக் கருதியது. நாம் கைக்கொள்ள வேண்டிய நெறியும் இதுவே என்பது என் துணிபு.

நாம் கேட்க வேண்டியது

உற்பத்தியாளர் தரப்பில் ஒரு மறுப்புண்டு. "நாங்கள் சட்டம் வகுத்த சோதனையைச் செய்கிறோம், அதன் விடையை வெளியிடுகிறோம். பெட்ரோல் காரும் சொன்ன மைலேஜைக் கொடுப்பதில்லையே?" என்பர். இம்மறுப்பில் நியாயம் இல்லாமலில்லை. வெவ்வேறு கார்களை ஒப்பிட ஒரு பொதுவான அளவுகோல் வேண்டும். ஆய்வுக்கூடச் சோதனை அதற்குப் பயன்படுகிறது. ஆனால், பெட்ரோல் கார் ஏமாற்றினால் அடுத்த ஊரில் ஐந்து நிமிடத்தில் ஈடு செய்துகொள்ளலாம். மின்சாரக் கார் ஏமாற்றினால் துவரங்குறிச்சியின் சாலையோரத்தில் முதியவர் அமர்ந்திருக்க நேரும். பிழையின் விளைவு பெரிதாகுமிடத்து, அளவின் நேர்மையும் பெரிதாகத்தான் வேண்டும்.

அண்மைக் காலத்தில் நம் நாட்டு உற்பத்தியாளருள் சிலர், சான்றிதழில் உள்ள தூரத்தோடு அன்றாடப் பயணத்தில் எதிர்பார்க்கத்தக்க தூரத்தையும் தனியே கூறத் தொடங்கியுள்ளனர். இது வரவேற்கத்தக்கது. ஆயினும், அது விற்பவரின் நல்லெண்ணத்தை மட்டும் சார்ந்திருத்தல் போதாது. ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் ஒரே ஓர் எண்ணை ஒட்டுவதற்கு மாறாக மூன்று எண்களை ஒட்டச் செய்ய வேண்டும். நகருக்குள் செல்லும் தூரம் ஒன்று. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையில் செல்லும் தூரம் ஒன்று. 40 பாகை வெயிலில் குளிர்சாதனத்துடன் செல்லும் தூரம் ஒன்று. அவற்றை விற்பவரல்லாத ஒரு பொது அமைப்பு அளந்து சொல்ல வேண்டும். இம்மூன்றும் தெரிந்திருந்தால், அவ்விளைஞர் மதுரையிலேயே அரைமணி நேரம் நின்று மின்னேற்றிக்கொண்டு புறப்பட்டிருப்பார். அவர் இழந்ததனைத்தும் அந்த அரைமணி நேரத்தில் காக்கப்பட்டிருக்கும்.

இம்மலரைப் படிக்கும் பெரியோருள் வணிகம் செய்து உயர்ந்தோர் பலர். துணிக்கடையில் முழக்கோலையும் மளிகைக் கடையில் தராசையும் நேராகப் பிடித்தமையாலேயே தம் கடைக்கு மூன்று தலைமுறை வாடிக்கை நிலைத்தது என்பதை அவர்கள் அறிவர். அம்முழக்கோலின் நேர்மையை இப்புதிய வணிகத்திடமும் எதிர்பார்ப்பது மிகையாகாது.

தமிழ் பயிலும் மாணவச் செல்வங்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். இது அறிவியல் மாணவரின் சிக்கல், நமக்கு இதில் என்ன வேலை என்று ஒதுங்கிவிடாதீர்கள். அந்தக் காரின் விளம்பரத்தாளை அவ்விளைஞர் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். '300 கிலோமீட்டருக்கு மேல்' என்று அவர் சொல்லிவந்த இடத்தில், '312 கி.மீ. வரை' என்று அச்சிடப்பட்டிருந்தது. 'வரை' என்னும் சொல் எல்லையைக் குறிப்பது. அதற்குமேல் இல்லை என்று சொல்வது. அவர் அதனைக் குறையாத அளவென்று படித்திருந்தார். விற்றவர் அதனைத் திருத்தவுமில்லை. இரண்டெழுத்துச் சொல்லொன்று ஒருவரை நடுவழியில் நிறுத்திவிட்டது. ஒரு சொல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று நுணுகிக் காண்பதுதானே நம் துறையின் பயிற்சி? நாளை உங்கள் இல்லத்தார் ஒரு மின்சாரக் கார் வாங்கப் புறப்படும்போது, அத்தாளை நீங்கள் வாங்கிப் படித்துப் பாருங்கள். எந்த வேகத்தில், எந்த வெயிலில், எத்தனை பேர் அமர்ந்து இத்தூரம் செல்லும் என்று கேளுங்கள். விடை வரும்வரை பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.